சாம்பல் படியட்டும்

மார்ச் 2, ஞாயிறு

ஆராதனை முடிந்து வரும் வழியில் ஆட்டுக்கறி வாங்கிக் குழம்பு வைத்தேன். கறி பூவாக வெந்திருந்தது. அதை ரசித்துச் சாப்பிட விட்டாரா இந்த மனிதர்? இரண்டாவது தடவை சோறு போடும்போது, "கட்ச்சுலேருந்து ஞானராஜ் போன் பண்ணினான்" என்றார் அத்தான். குஜராத்தில் அவன் வேலை பார்க்கிற பெரிய உப்பளத்தில் மேற்பார்வை வேலை இருக்கிறதாம். ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"போகப் போறியளா?"

"இந்தப் பருவமும் உப்பு கருத்துட்டுன்னா வேற என்ன செய்யச் சொல்லுத?"

நான் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். அத்தான், அதாவது என் கணவர் பொன்சிங், நாலு ஏக்கர் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். அதற்குக் கிழக்கே கடலோரத்தில் அனல்மின் நிலையம். கடலிலிருந்து கொண்டல் காற்று அடிக்கிற மாதங்களில் புகைபோக்கியின் சாம்பல் நேராக அவர் பாத்திகளில் வந்து இறங்கும். மூன்று வருஷமாக உப்பு வெளுப்பாக வரவில்லை. சமையல் உப்புக்கென்று எடுத்துக்கொண்டிருந்த ஏஜென்ட் ரொசாரியோ, இப்போது தோல் பதனிடுகிறவர்களிடம் வேண்டுமானால் கேட்டுப் பார்க்கிறேன் என்று இழுக்கிறார்.

அந்த அனல்மின் நிலையத்தில் சாம்பல் பிரிவின் உதவிப் பொறியாளர் யார் என்றால், நான்தான். எப்சிபா பொன்சிங். எங்கள் வீட்டில் உப்பும் சாம்பலும் ஒரே பாயில் படுக்கின்றன.

மார்ச் 4, செவ்வாய்

அலுவலகத்தில் பாதுகாப்பு தின விழா. தலைமைப் பொறியாளர் முக்கால் மணி நேரம் பேசினார். சிறந்த ஆலோசனைக்கு இந்த வருஷப் பரிசு ஒரு டார்ச் லைட். மூன்று வருஷத்துக்கு முன் நான் வாங்கியது மூன்றடுக்கு எவர்சில்வர் கேரியர், மூடியில் எழுத்து வெட்டியது. டார்ச் லைட்டெல்லாம் ஒரு பரிசா?

அந்தக் கேரியரில்தான் தினமும் அத்தானுக்கு மதியச் சாப்பாடு போகிறது. இன்று கத்தரிக்காய் புளிக்குழம்பும் அவியலும்.

சாயங்காலம் மகள் ஷைனி ஹாஸ்டலிலிருந்து பேசினாள். பள்ளியில் 'பெற்றோரின் தொழில்' என்று கட்டுரை எழுத வேண்டுமாம். சொன்னேன்: புகை வெளியே போகிற வழியில் ஒரு வீடு அளவுக்குப் பெட்டி இருக்கும். உள்ளே வரிசை வரிசையாக இரும்புத் தகடுகள். மின்சாரத்தால் சாம்பல் இழுக்கப்பட்டுத் தகட்டில் ஒட்டும். அவ்வப்போது சுத்தியல்கள் தகட்டைத் தட்டும், சாம்பல் கீழே தொட்டியில் விழும். மிச்சப் புகைதான் மேலே போகும். அதைக் கவனிப்பது அம்மாவின் வேலை.

"அப்ப அப்பாவோட உப்பு ஏன்மா கருக்குது?" என்றாள். பிள்ளையைக் கான்வென்டில் படிக்க வைத்தது தப்பு.

மார்ச் 9, ஞாயிறு

அத்தானோடு உப்பளத்துக்குப் போனேன். சும்மா இருப்பானேன் என்று பலகையை எடுத்துக்கொண்டு ஒரு பாத்தியில் இறங்கி உப்பு வார ஆரம்பித்தேன். நான் எதைச் செய்தாலும் விறுவிறுவென்று செய்வேன், அது என் சுபாவம். ஐந்தாவது இழுப்புக்குள் வரப்பிலிருந்து சத்தம்.

"ஏட்டி, அதத் தொடாத! அது இன்னும் படியல!"

"வெள்ளையா தெரியுதே?"

"தெரியும். ஆனா ஏடு கனக்கல. படியவிட்டு வாருனா கட்டியா வரும். படியாம வாருனா பொடியாத்தான் வரும், பாதி தண்ணியில கரைஞ்சு போவும், மீதியில சேறு ஏறும். எதையும் படியவிட மாட்டியே நீ!"

கடைசி வாக்கியம் உப்பைப் பற்றியது இல்லை என்று எனக்குத் தெரியும். வரப்பில் நின்ற பேச்சித்தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தானிடம் பத்து வருஷமாக வேலை பார்ப்பவள், என் மானம் போவதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

அப்போது கிழக்கே எங்கள் இரண்டாம் புகைபோக்கி குப்பென்று கறுப்பாக ஒரு தடவை கக்கியது. "மாமியா தும்மிட்டா" என்றாள் பேச்சித்தாய். உப்பளத்துப் பெண்கள் அதற்கு வைத்திருக்கிற பெயர் மாமியார். "ஓயாம தும்முவாக்கா. ஒரு பாத்தி வாரி முடிக்கதுக்குள்ள நாலு தும்மல்."

தும்மலாவது ஒன்றாவது என்றேன். எங்கள் கட்டுப்பாட்டு அறைத் திரையில் தூசி அளவு எப்போதும் எல்லைக்குள்தான் நிற்கிறது.

மார்ச் 10, திங்கள்

உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். வேறு விசேஷம் இல்லை.

மார்ச் 15, சனி

கேஸ் சிலிண்டர் வந்தது. மிளகாய் காயப்போட்டேன்.

அத்தான் பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டால், "சும்மா, பூச்சி புடிச்சிருக்கான்னு பாக்கேன்" என்கிறார். இருபது வருஷமாகப் பூச்சியைப் பற்றிக் கவலைப்படாத மனிதர்.

போகட்டும். எனக்கென்ன? கட்டில் முழுக்க எனக்கு. குறட்டைச் சத்தம் இருக்காது. ஒரு ஆளுக்கு மட்டும் சமைத்தால் போதும், அதுவும் ஒரு நேரம் சமைத்து இரண்டு நேரம் சாப்பிடலாம். நினைத்துப் பார்த்தால் எவ்வளவு வசதி.

மிளகாய்க் காரமோ என்னமோ, கண் எரிந்துகொண்டே இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. சபை ஐயர் கேட்டால் உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். கேரியரைத் தூக்கிக்கொண்டு உப்பளத்துக்குப் போய், கொட்டகை நிழலில் உட்கார்ந்து மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் வாட்ச்.

பத்து மணி நாலு நிமிடம், ஒரு தும்மல். பத்து பத்துக்கு ஒன்று. பத்து பதினாறுக்கு ஒன்று. பன்னிரண்டு மணி வரைக்கும் பார்த்தேன். அச்சுப் பிசகாமல் ஆறு நிமிடத்துக்கு ஒரு தடவை. பேச்சித்தாய் சொன்னது சரி. எங்கள் திரை கால் மணி நேரத்துச் சராசரியைத்தான் காட்டும். அரை நிமிடத் தும்மல் சராசரியில் கரைந்துபோகிறது.

"என்ன, ஆப்பீஸ இங்க கொண்டாந்துட்டியா?" என்றார் அத்தான்.

"நீங்க சாப்புடுங்க" என்றேன். மீன் வறுவல் ஆறிக் கிடந்தது. அதைக்கூடச் சொல்லாமல் சாப்பிட்டார்.

மார்ச் 17, திங்கள்

காலையில் போனதும் சுத்தியல் நேரத்தைப் பார்த்தேன். இரண்டாம் யூனிட்டில் எல்லா வரிசையும் ஆறு நிமிடம். எல்லாம் ஒரே நேரத்தில் வேறு! தகடு செய்தவன் கொடுத்த புத்தகத்தைத் தேடி எடுத்தேன். முதல் வரிசைக்குப் பத்து நிமிடம், அடுத்ததற்கு அரை மணி நேரம், கடைசி வரிசைக்கு ஒன்றரை மணி நேரம், அதுவும் ஒன்று தட்டும்போது இன்னொன்று தட்டக் கூடாது என்று தெளிவாகப் போட்டிருக்கிறான்.

அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். படியவிட்டு வாருனா கட்டியா வரும். படியாம வாருனா பொடியாத்தான் வரும். சாம்பலும் அதேதான்! தகட்டில் கனமாகப் படிந்த பிறகு தட்டினால் பாளமாகக் கழன்று தொட்டியில் விழும். ஆறு நிமிடத்துக்கு ஒருதரம் தட்டினால் படிய ஏது நேரம்? பொடியாக உதிர்ந்து, புகையோடு சேர்ந்து மேலே போய், நேராக என் புருஷன் பாத்தியில் இறங்குகிறது.

இதை ஆறு நிமிடம் என்று மாற்றிவைத்த மகான் யார்? சுத்தியலால் தகட்டைத் தட்டுவதற்குப் பதில் அவன் தலையில் நாலு தட்டு தட்ட வேண்டும்.

மார்ச் 18, செவ்வாய்

எனக்கு முன் இந்தப் பிரிவில் இருந்த தளவாய் சார் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். போன் போட்டுப் பிடி பிடியென்று பிடித்தேன். பொறுப்பு வேண்டாமா, புத்தகத்தைப் படிக்க வேண்டாமா, பக்கத்தில் மனுஷர்கள் பிழைப்பது தெரியாதா என்று மூச்சுவிடாமல் கேட்டேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு, "பழைய ரிஜிஸ்டர ஒருக்கப் பாத்துட்டுப் பேசுங்க மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டார். திமிர்.

மார்ச் 20, வியாழன்

2021 நவம்பர் பதிவேடு கிடைத்தது. சுத்தியல் நேரம் அப்போதுதான் மாற்றப்பட்டுள்ளது.

இன்று துணி நிறையத் துவைத்தேன். தலைவலி.

மார்ச் 21, வெள்ளி

கேரியரைப் புளி போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தேன். பளபளவென்று ஆகிவிட்டது. மூடியில் வெட்டியிருக்கிற எழுத்து மட்டும் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

மார்ச் 22, சனி

எழுதிவிடுகிறேன். சொந்த நோட்டில்கூடப் பொய் எழுதினால் அப்புறம் எங்கேதான் உண்மை எழுதுவது?

அந்த மகான் நான்தான். கையெழுத்து என்னுடையது, 'பா'வுக்குக் கீழே போடுகிற கோடு முதற்கொண்டு. 2021 மழையில் தொட்டிகளைச் சூடாக வைக்கிற ஹீட்டர்கள் பழுதாகி, ஈரச் சாம்பல் பாளம் பாளமாக விழுந்து அடைத்துக்கொண்டது. நான் அந்தப் பிரிவுக்கு வந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, 'கட்டியாக விழ விடாமல் அடிக்கடி தட்டிக்கொண்டே இருந்தால் பொடியாக விழுமே' என்று யோசனை சொன்னேன். அடைப்பு நின்றது. கை தட்டினார்கள். 'சுத்தியல் நேரம் குறைத்தமைக்கு முதல் பரிசு' என்று மூடியில் வெட்டிக் கொடுத்தார்கள். பரிசு நினைவிருந்தது, எதற்கு என்பது மறந்தே போயிருந்தது; தினமும் கழுவுகிற மூடியை யார் வாசிக்கிறார்கள்?

மறு வருஷம் ஹீட்டர்களை மாற்றினோம். நேரத்தைப் பழையபடி வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பரிசு வாங்கியதை யார் மாற்றுவார்கள்? மூன்று வருஷமாக அந்த மனிதர் அந்த மூடியைத் திறந்துதான் சாப்பிடுகிறார், சாம்பல் விழுகிற வரப்பில் உட்கார்ந்துகொண்டு.

தளவாய் சாரிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம், உங்க சத்தம் கேட்டு ரொம்ப நாளாச்சு" என்றார். நல்ல மனுஷன்.

அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 24, திங்கள்

செயற்பொறியாளர் இசக்கிராஜ் சாரிடம் குறிப்புக் கோப்பைக் கொண்டுபோனேன். "ஓடிட்டு இருக்கத எதுக்கு மேடம் நோண்டுதீங்க? திரையில எல்லாம் பச்சையாத்தான இருக்கு" என்றார். அவரை ஜன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போய் வாட்சைப் பார்க்கச் சொன்னேன். ஒரு தும்மல். ஆறு நிமிடம் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம். இன்னொரு தும்மல். அவருக்கு மூன்றாவது தேவைப்படவில்லை.

"தொட்டி அடைச்சா?"

"தெனமும் நானே நின்னு பாக்கேன் சார்."

கோப்பை வாசித்தார். 'நேரத்தை மாற்றியவர்: எப்சிபா பொன்சிங், உதவிப் பொறியாளர்' என்ற வரிக்கு வந்ததும் பேனாவை எடுத்தார். "பேரெல்லாம் எதுக்கு? 'முன்னர் மாற்றப்பட்டுள்ளது'ன்னு போடுங்க. அரசாங்கக் கோப்புல எல்லாம் தானா நடக்கதுதான் மேடம்."

மனுஷர் எனக்கு நல்லதுதான் நினைத்தார். நானும் வியாழக்கிழமை இந்த நோட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், இப்போது புரட்டிப் பார்த்தேன். ஆனால் வேண்டாம் என்றேன். பெயரோடுதான் கோப்பு மேலே போயிருக்கிறது.

மார்ச் 27, வியாழன்

அனுமதி வந்துவிட்டது. பதினொன்றரை மணிக்குச் சுத்தியல் நேரத்தைப் புத்தகத்தில் உள்ளபடி மாற்றினேன். பதிவேட்டில் 'பா'வுக்குக் கீழே கோடு போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

மதியம் வெண்டைக்காய்ப் பொரியல்.

மார்ச் 30, ஞாயிறு

இன்று காலை மூன்றாம் தொட்டி அடைத்துக்கொண்டது என்று போன். சாப்பிட்ட கையோடு ஓடினேன். இசக்கிராஜ் சார் எனக்கு முன்னால் வந்து நின்று, "நான் அப்பவே சொன்னேன், பேசாம ஆறுக்கே வைங்க" என்றார். எனக்கு வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டு, முதலில் ஹீட்டரைத் தொட்டுப் பார்க்கலாம் சார் என்றேன். பச்சைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. ஃபியூஸ் போயிருக்கிறது, அவ்வளவுதான். மாற்றி, கம்பியால் குத்தி விட்டதும் சாம்பல் சரசரவென்று இறங்கியது. பாளம் பாளமாக. சாம்பல் விழுவதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட பெண்பிள்ளை இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆறு நிமிடத்துக்குத் திரும்பப் போகவில்லை.

ஏப்ரல் 5, சனி

அத்தான் நாலு பாத்திகளைக் காலி செய்து, தரையைச் சுரண்டி, மிதித்து, புதிதாகத் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறார். "கடைசியா ஒருக்கப் பாப்போம்" என்றார். அந்தக் 'கடைசியா' எனக்குப் பிடிக்கவில்லை.

பேச்சித்தாய் கிழக்கே பார்த்துக்கொண்டு, "மாமியாளுக்குச் சளி கொறஞ்சிட்டுதோ, ஒரு வாரமா சத்தத்தையே காணும்" என்றாள். மருந்து கொடுத்தது யார் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் நோய் கொடுத்தது யார் என்றும் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 11, வெள்ளி

கொண்டல் நன்றாக வீசுகிறது. எல்லோரும் மேல்காற்று எப்போது வரும் என்று கேட்கிற நேரத்தில் நான் கொண்டல் நிற்கக் கூடாது என்று ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறேன். மேல்காற்று வந்துவிட்டால் புகை கடலுக்குள் போய்விடும். அப்போது உப்பு வெளுத்தால் காற்றால் வெளுத்ததா, நேரத்தால் வெளுத்ததா என்று யார் சொல்வது?

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனை. சிலுவையில் சொல்லப்பட்ட ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பேர் பிரசங்கம். எனக்கு ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து கஞ்சியும் துவையலும் வைத்தேன். அவர் முதல் வாய் குடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். கேரியர் மூடியைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, பதிவேடு, கையெழுத்து, ஆறு நிமிடம், எல்லாம்.

அவர் மூடியைத் தூக்கி எழுத்தை வாசித்தார்.

"மூணு வருசம் எப்சி" என்றார்.

"ஆமா அத்தான்."

கஞ்சியை முழுவதும் குடித்தார். தட்டைக் கழுவினார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு உப்பளத்துக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

கேக் செய்தேன். ஒரு துண்டு சாப்பிட்டார். பேசவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

பேசவில்லை. எனக்குக் கேட்க வேண்டும், கத்த வேண்டும், கையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கிறது. செய்யவில்லை. படியவிடுகிறேன். இது எவ்வளவு கஷ்டமான வேலை என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

கேரியரில் இன்று அவருக்குப் பிடித்த சொதி. காலியாகத்தான் திரும்பி வந்தது.

ஏப்ரல் 24, வியாழன்

"சனிக்கெழம ரொசாரியோ அண்ணாச்சி வாராரு. நீ லீவு போடு" என்றார். ஆறு நாளில் இதுதான் பேச்சு. போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 26, சனி

காலையில் வாசலுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கோயில் கொடியைப் பார்த்தேன். மேற்கே பறந்தது. கொண்டல்தான்.

ரொசாரியோ அண்ணாச்சி கண்ணாடி டம்ளரோடுதான் வருவார். உப்பைக் கையில் அள்ளிப் பார்ப்பதெல்லாம் சும்மா. ஒரு கை உப்பைத் தண்ணீரில் போட்டுக் கலக்கி வைப்பார். அடியில் என்ன தங்குகிறது என்பதுதான் அவருக்குக் கணக்கு. போன வருஷம் அடியில் ஒரு விரற்கடைக்கு மை மாதிரி நின்றது.

நாலாவது பாத்தியிலிருந்து அள்ளினார், புகைபோக்கிக்கு நேர் எதிரே இருப்பது. போட்டார், கலக்கினார், கொட்டகைப் பலகை மேல் வைத்தார். தண்ணீர் கலங்கலாகச் சுற்றியது. நான் குனிந்து குனிந்து பார்த்தேன்.

"எம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. படியட்டும்" என்றார் அவர்.

அத்தான் என்னைப் பார்த்தார். எட்டு நாளாகச் சிரிக்காத மனிதர், பக்கென்று சிரித்துவிட்டார். பேச்சித்தாய்க்கு என்னவென்று தெரியவில்லை, அவளும் சேர்ந்து சிரித்தாள். நான் அழுதுவிடக் கூடாது என்று கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றேன். மாமியார் லேசாக, சாம்பிராணி போட்ட மாதிரி, புகைந்துகொண்டிருந்தாள். புகை நின்றுவிடவில்லை. நிலக்கரி எரிகிற வரைக்கும் நிற்கவும் செய்யாது. ஒன்றாம் யூனிட்டின் நேரத்தையும் பார்க்க வேண்டும், அதற்கும் கோப்பு தயாராக இருக்கிறது. ஆனால் தும்மல் இல்லை.

ரொசாரியோ அண்ணாச்சி டம்ளரை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தார். அடியில் நாலைந்து புள்ளி. அவ்வளவுதான். டம்ளருக்கு அந்தப் பக்கம் அவர் சட்டைப் பொத்தான் தெரிந்தது.

"பொன்சிங், பழையபடி சமையலுக்கே எடுத்துக்கிடுதேன்" என்றார். "என்னப்பா செஞ்ச?"

"நான் ஒண்ணும் செய்யல அண்ணாச்சி. எம் பொண்டாட்டி செஞ்சா" என்றார் அத்தான். கெட்டதையும் நல்லதையும் சேர்த்துத்தான் சொன்னார் என்று எனக்கு மட்டும் தெரியும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஞானராஜுக்கு அத்தானே போன் போட்டுச் சொல்லிவிட்டார். பெட்டி பரணுக்குப் போய்விட்டது. சும்மா போகவில்லை, கிறிஸ்துமஸ் ஸ்டாரையும் பழைய திரைச்சீலைகளையும் உள்ளே திணித்து நான்தான் ஏற்றினேன், சுலபத்தில் காலி செய்ய முடியாதபடி.

சாயங்காலம் அவர் உப்பளத்திலிருந்து வந்து கேரியரைக் கொடுத்தார். கனத்தது. சாப்பாட்டைத் தொடவே இல்லையோ என்று பதறித் திறந்தால், மூன்று அடுக்கிலும் உப்பு. புது உப்பு, வெள்ளை வெளேர் என்று, கட்டி கட்டியாக.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். 'சுத்தியல் நேரம் குறைத்தமைக்கு முதல் பரிசு' என்பதற்குக் கீழே ஆணியால் கோணல்மாணலாகக் கீறியிருந்தார்: 'கூட்டியதற்கு இந்த உப்பு.'

சாளை மீன் குழம்பு வைத்தேன். புது உப்பு, அளவு பிடிபடவில்லை, ஒரு கை கூடிப்போனது. அவர் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். நானும் இன்னொரு தடவை போட்டுக்கொண்டேன்.